துறைமுகத்தில் நிற்கும் ஆஸ்பத்திரி

மேற்கு ஆப்பிரிக்காவின் துறைமுகங்களில், சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் ஓயாமல் வந்து போகும் சந்தடிக்கு நடுவே, வெள்ளை வர்ணம் பூசிய பெரிய கப்பலொன்று வந்து, யாதொரு சரக்கையும் இறக்காமலும் ஏற்றாமலும், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பதுண்டு. அதன் உட்புறம் முழுவதும் ஓர் ஆஸ்பத்திரி. 'மெர்சி ஷிப்ஸ்' என்னும் கிறிஸ்தவ தர்ம ஸ்தாபனம் நடத்தும் அந்தக் கப்பலில், எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிறவர் முதல் சஸ்திர வைத்தியர் வரை, பெரும்பாலோர் காலணாவும் சம்பளம் வாங்காதவர்கள். அதுமாத்திரமா, கப்பலில் தாங்கள் உண்ணும் சோற்றுக்கும் உறங்கும் படுக்கைக்கும் தாங்களே பணம் கட்டி ஊழியம் செய்வது அங்கே நெடுநாளாக இருந்துவந்த வழக்கம். அவர்களில் இருபது வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருக்கும் வாலிபரும் யுவதிகளும் அநேகர். வீட்டையும் பாஷையையும் விட்டுத் தூரதேசத்துக் கடற்கரையில் வந்திருக்கும் அந்த இளைஞர்களின் நாள் எவ்வாறு கழிகிறது, அவர்கள் கைக்கு உண்மையிலேயே என்ன வேலை கிடைக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது பயனுள்ள காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஸ்தாபனம் 1978-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரத்தில், ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகளால் தொடங்கப்பெற்றது. கடும் ஊனத்தோடு பிறந்த மகன் ஒருவனை வளர்த்துவந்த அவர்களுக்கு, வைத்திய வசதியே எட்டாத தேசத்தில் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாயின் கதி என்னவாகும் என்ற எண்ணம் நீங்காமல் இருந்தது; கல்கத்தாவில் அன்னை தெரஸாவைக் கண்டு பேசியது அந்த எண்ணத்துக்கு உரமாயிற்று. அவர்கள் முதலில் வாங்கிய 'அனஸ்டாசிஸ்', 1953-இல் கட்டப்பட்டு, 'விக்டோரியா' என்ற பெயரோடு இத்தாலியிலிருந்து பம்பாய் வழியாகக் கீழ்த்திசைக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற கப்பலாகும். அது ஓய்வுபெற்ற 2007-ஆம் ஆண்டில் பணிக்கு வந்த 'ஆப்பிரிக்கா மெர்சி', ஒரு காலத்தில் டென்மார்க்கில் ரெயில் வண்டிகளையே ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்த கப்பல். வண்டிகள் நின்ற அதே தளத்தில்தான் இப்போது நோயாளிகளின் கட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியாகவே திட்டமிட்டுச் சீனாவின் டியான்ஜினில் கட்டப்பெற்று 2021-இல் கைக்கு வந்த 'குளோபல் மெர்சி', 174 மீட்டர் நீளமும், பன்னிரண்டு தளங்களும், ஆறு ஆபரேஷன் அறைகளும், ஏறக்குறைய 200 படுக்கைகளும் உடையது.

கரையிலே ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டாமல் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துவானேன் என்று கேட்கலாம். ஜனத்தொகையில் பெரும்பகுதி கடலுக்கு அருகே வசிக்கும் நாடுகள் பல; அவற்றின் துறைமுகங்களுக்கு, இடைவிடாத மின்சாரத்தையும் சுத்தமான நீரையும் ரத்தப் பரிசோதனைச் சாலையையும் எக்ஸ்ரே, ஸ்கேன் யந்திரங்களையும் சுமந்துகொண்டு ஓர் ஆஸ்பத்திரி தானே வந்து சேருமானால், அதற்காகப் பல்லாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. உலகில் 500 கோடி மக்களுக்கு, தகுந்த காலத்தில், தாங்கக்கூடிய செலவில், பத்திரமான சஸ்திர சிகிச்சை கிடைப்பதில்லை என்று 'லான்செட்' பத்திரிகை அமைத்த வைத்திய நிபுணர் குழு 2015-இல் கணித்தது. நமது ஜில்லா ஆஸ்பத்திரிகளிலேயே செய்துவிடுகிற எளிய ஆபரேஷன் இல்லாத குறையால், பிறவியிலேயே உதடு பிளந்த குழந்தை பால் உறிஞ்ச மாட்டாமல் மெலிந்துபோகிறது. அடுப்பங்கரையில் தீப்பட்ட சிறுமியின் கை, புண் ஆறும்போதே மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்கிறது. தாடையில் தோன்றும் ஒரு கட்டி, புற்றுநோய் அல்லாத போதிலும், வருஷக்கணக்கில் வளர்ந்து முகத்தையே மறைத்து, மூச்சுக்குழலையும் அடைக்கும் அளவுக்குப் பெரிதாகிறது. கண்புரையால் குருடாகித் திண்ணையோடு கிடப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தகைய இடத்துக்குப் போக விரும்பும் இளைஞன் முதலில் செய்யவேண்டியிருப்பது, மனுப் போடுவதும் பணம் சேர்ப்பதுமாகும். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கப்பலின் பொதுமொழியான ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். பிரயாணச் செலவு, தடுப்பூசி முதலியவற்றுக்கு, கைச்சேமிப்பு உள்ளவர்கள் அதைக் கொண்டும், இல்லாதவர்கள் உற்றார் உறவினருக்கும் தங்கள் சபையாருக்கும் கடிதம் எழுதியும் வழி தேடுகிறார்கள். மாதா மாதம் தன்னால் இயன்ற சிறு தொகையை அனுப்புவதாக வாக்களிக்கும் கிழவியும், ஆராதனை முடிந்தபின் பலகாரம் விற்றுக் காசு சேர்த்துத் தரும் வாலிபர் சங்கமும் இதில் பங்காளிகளாகிவிடுகிறார்கள். பிறர் கொடுத்த காசில் உண்கிறோம் என்ற நினைவு ஓர் இளைஞனுக்குச் சுமையாகவும் இருக்கலாம், கடிவாளமாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், இருபது வயதில் அந்த நினைவு நல்லதே என்பேன்.

வைத்தியர்களும் தாதியரும் மாத்திரமே அங்கே தேவை என்று நினைப்பது தவறு. கப்பல் என்பது ஒரு சிற்றூர். அதற்குச் சமையற்காரர், பாத்திரம் கழுவுவோர், துணி வெளுப்போர், தச்சர், மின்சார வேலைக்காரர், தளத்தைத் தேய்த்துக் கழுவித் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுவோர், குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் எல்லோரும் வேண்டும். சஸ்திர வைத்தியர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு வந்து போகலாம். பாத்திரம் கழுவும் பையனோ மாதக்கணக்கில் இருப்பான். விசேஷமான தொழிற்பயிற்சி ஒன்றும் பெறாத இளைஞருக்குப் பெரும்பாலும் சமையற்கட்டும் சாப்பாட்டுக் கூடமும் கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கானோருக்கு மூன்று வேளையும் உணவு பரிமாறி, மேஜைகளைத் துடைத்து, தட்டுகளை யந்திரத்தில் அடுக்கி எடுத்து, மறுவேளைக்கு மீண்டும் அதையே தொடங்கும் அந்த வேலையில், ஊரிலிருந்து புறப்பட்டபோது சபையார் பாடி வழியனுப்பிய பரவசத்துக்கு இடமே இல்லை. ஆனால் ஒரு காட்சி அங்கே அன்றாடம் காணக்கிடைக்கிறது: காலையெல்லாம் ஒருவன் முகத்தைத் திருத்தியமைத்த வைத்தியர், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, எஞ்சின் அறை உதவியாளனுக்குப் பின்னால் வரிசையில் நின்று, உண்டபின் அந்தத் தட்டைத் தாமே கொண்டுவந்து வைக்கிறார்.

இருப்பிடம் மிகக் குறுகலானது. தனியாக வருகிற வாலிபர்களுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த கட்டில்களில் ஓர் இடமும், அதற்கு ஒரு திரையும், துணிமணி வைக்க ஒரு சிறு அலமாரியும் கிடைக்கும். அந்தத் திரைக்குள் இருக்கும் இடமே அவர்களுடைய சொந்த உலகம். ஒரே அறையில் வெவ்வேறு நாட்டார் இருப்பார்கள். ஒருத்தி இரவு முறைக்குப் போய்விட்டுப் பொழுது விடியும்போது படுக்க வருவாள், மற்றொருத்தி அப்போதுதான் எழுந்து புறப்படுவாள். ஆகவே விளக்கைப் போடாமல் உடுத்திக்கொள்ளவும், கதவை ஓசையின்றிச் சாத்தவும் எல்லோரும் பழகிக்கொள்கிறார்கள். கப்பலில் நன்னீர் அருமையானது. ஆப்பிரிக்கா மெர்சியில் குளிப்பதற்கு இரண்டு நிமிஷமே கணக்கு என்பது ஒவ்வொருவருக்கும் வந்த அன்றே சொல்லப்படும் விதி. தரைக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் அபாய மணி முழங்கும். கையிலுள்ள வேலையை அப்படியே போட்டுவிட்டு, உயிர்காப்புச் சட்டையுடன் தத்தமக்குரிய இடத்தில் வந்து நிற்க, பெயர்கள் வாசிக்கப்படும். நோயாளிகள் நிறைந்த கப்பலில் தீ என்பது விளையாட்டல்லவே.

இனி ஆஸ்பத்திரித் தளத்துக்கு வருவோம். அங்கே கட்டில்கள் நெருக்கமாகப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் ஒரு மெத்தை. நோயாளிக்குத் துணையாக வந்த தாயோ தமையனோ இரவில் அதில் படுத்துக்கொள்வதற்காக அது வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளூர் மொழியறிந்த இளைஞர் பலர் கூலிக்கு அமர்த்தப்பட்டு, தாதிக்கும் நோயாளிக்கும் இடையே நாவாக நின்று உதவுகிறார்கள். கினியாவில் சூசூ, பூலார். பெனின் நாட்டில் ஃபோன். ஸியரா லியோனில் கிரியோ. இப்படி ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒவ்வொரு பாஷை. இந்த மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாவிட்டால், கப்பலில் உள்ள அத்தனை யந்திரங்களும் ஊமையாகிவிடும். தலையைச் சுற்றிப் பெரிய கட்டோடு இருக்கும் குழந்தைகள், விளையாட்டு வண்டியில் ஏறிக்கொண்டு நடைவழியில் ஓட்டுவதும், யாராவது ஒருவர் மேளம் தட்ட வார்டு முழுவதும் சேர்ந்து பாடுவதும் அங்கே சாதாரணம். பிற்பகலில் நோயாளிகளை ஏழாம் தளத்துக்கு அழைத்துப்போய்க் கடற்காற்று வாங்கச் செய்வார்கள்.

வேலை முடிந்த நேரத்தில் சமையற்கட்டுப் பையனும் கணக்கெழுதும் பெண்ணும் வந்து சேருமிடம் இந்த வார்டுதான். வைத்தியத் துறையைச் சாராத ஊழியர் ஒருவர் ஒரு நோயாளியைத் தம்முடையவராக ஏற்றுக்கொண்டு, அவர் வீடு திரும்பும்வரை தினந்தோறும் வந்து பார்த்துப்போகும் ஏற்பாடு ஒன்று கப்பலில் உண்டு. அவர் செய்யப்போவதுதான் என்ன? பாஷை தெரியாது, மருந்து தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார். நகத்துக்குச் சாயம் பூசிவிடுகிறார். வர்ணக் குச்சிகளைக் கொண்டு சிறுவனோடு படம் எழுதுகிறார். ஆனால் அந்த நோயாளி யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தாடையில் தேங்காயளவு கட்டியைச் சுமந்துகொண்டு, துணியால் முகத்தை மூடியபடி, சந்தைக்கும் கிணற்றடிக்கும் போகாமல், பகலில் ஒளிந்து இரவில் நடமாடி, பேய் பிடித்தவன் என்று உற்றாராலேயே ஒதுக்கப்பட்டு வருஷங்களைக் கழித்தவன் அவன். தன்னை யாரென்றே அறியாத ஒருவன் வந்து, அருவருப்பின்றி, தன் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்து, தோளில் கைபோட்டு உட்காருவது அவனுக்கு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிவிடுகிற சிகிச்சை. கட்டியை வெட்டியெடுப்பது வைத்தியரின் வித்தை. அவனை மறுபடியும் மனிதர் நடுவே கொண்டுவந்து உட்காரவைப்பதற்கு வித்தை வேண்டியதில்லை, நேரமும் அன்பும் உள்ள ஆள் வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் அனுபவமற்ற இளைஞர்களுக்கென்றே கப்பலில் காத்திருக்கிறது என்பதும், அது முதல் வேலைக்கு எள்ளளவும் குறைந்ததன்று என்பதும் என் திடமான எண்ணம்.

நம் வேலூரிலேயே இதற்குச் சான்று உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்டு, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார். நிமிர்ந்த கையோடு ஊர் திரும்பியவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை என்பதைக் கண்டதும், அவர்கள் சேர்ந்து வாழ்ந்து தச்சு முதலிய தொழில் கற்பதற்கு 'நவஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பை அமைப்பதில் அவர் முனைந்தார். கத்தி நின்ற இடத்துக்கு அப்பாலும் சிகிச்சை தொடரவேண்டியிருந்தது.

கப்பலில் பெரிய ரத்த வங்கி கிடையாது. ஊழியர்களின் உடம்பே வங்கி. விருப்பமுள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்து, இன்ன வகை என்று பதிந்து வைத்திருப்பார்கள். முகத்திலும் கழுத்திலும் நடக்கும் பெரிய ஆபரேஷனில் ரத்தம் மிகுதியாகப் போய்விட்டால், மேல்தளத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு அழைப்பு வரும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் படுக்கிறான், பை நிறைகிறது, சூடு ஆறுவதற்குள் அது ஆபரேஷன் அறைக்குள் போகிறது. சில நாட்களுக்குப் பிறகு வார்டில் எழுந்து உட்கார்ந்திருக்கும் நோயாளியைக் காணும்போது, இந்த உடம்பில் ஓடுவதில் என் பங்கும் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்ளலாம்.

அங்கே வரும் ஸ்திரீகளில் ஒரு சாராரின் துயரம் தனியானது. பிரசவ வலி நாட்கணக்கில் நீடித்தும் தக்க உதவி கிடைக்காமல் போனவளுக்குப் பெரும்பாலும் குழந்தையும் இறந்து, உள்ளே திசுக்கள் அழிந்து துவாரம் உண்டாகி, சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். துர்நாற்றத்தைக் காரணம் காட்டிக் கணவன் விலக்கிவிட, ஊரும் விலகிக்கொள்ள, சிலர் பத்து, இருபது வருஷங்களைத் தனிக்குடிசையில் கழித்துவிடுகிறார்கள். ஆபரேஷன் பலித்து உடம்பு உலர்ந்தவர்களுக்கு வீடு திரும்புமுன் ஒரு வைபவம் நடத்துவது கப்பலின் வழக்கம். புத்தாடை உடுத்தி, தலைக்கு வர்ணத்துணி கட்டி, முகத்துக்குப் பூச்சு இட்டு, ஊழியர்களும் மற்ற நோயாளிகளும் கூடியிருக்கும் இடத்துக்கு அவர்களை மேளதாளத்தோடு அழைத்து வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராக நின்று தங்கள் கதையைச் சொல்லுகிறார்கள். பிறகு ஆடத் தொடங்கினால் நிற்பதில்லை. அந்தத் தலைப்பாகையைக் கட்டிவிட்டவள், பெரும்பாலும், தன் ஊரில் கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்துவிட்டு வந்திருக்கும் ஒரு யுவதியாக இருப்பாள்.

எல்லாக் கதையும் இவ்விதம் முடிவதில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில், வாசலுக்கு வருகிறவர்களில் மிகப் பலருக்கு இல்லை என்று சொல்லித்தான் அனுப்பவேண்டியிருக்கிறது. நோய் முற்றியிருக்கலாம், அல்லது கப்பலில் அதற்குரிய வைத்தியர் இல்லாமலிருக்கலாம். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உள்நாட்டிலிருந்து பயணம் செய்து வந்த தாயிடம் இதைச் சொல்லும் தாதியின் மனம் படும் பாடு சாமானியமானதன்று. அப்படித் திருப்பப்பட்டவர்கள் அருகில் உட்கார்ந்து, அவர்கள் அழுது தீரும்வரை காத்திருந்து, விரும்பினால் உடன் ஜெபிப்பதற்கென்று சிலரை நியமித்திருக்கிறார்கள். தீராத புற்றுநோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போட்டு வேதனையைத் தணித்துவரும் ஊழியர்களும் இருந்திருக்கிறார்கள்.

மத விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகலாகாது. இவர்கள் கிறிஸ்துவின் நிமித்தமாகவே வந்தவர்கள். காலையில் வார்டில் வேதவாசிப்பும் பாட்டும் உண்டு. ஊழியர்கள் வாரந்தோறும் கூடி ஆராதிக்கிறார்கள். ஆயினும் கப்பல் போய் நின்ற ஸெனகலும் கினியாவும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகள். நோயாளியின் மதம் எதுவாயினும் சிகிச்சையில் பேதம் பாராட்டுவதில்லை, கட்டணமும் வாங்குவதில்லை. வலியில் கிடக்கிறவனிடம் உபதேசத்தை விலையாகக் கேட்பது அன்புக்கே விரோதம் என்று நான் கருதுகிறேன். அந்த எல்லையைக் கண்ணும் கருத்துமாய்க் காத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு, ஆர்வம் மிகுந்த இளைஞர்களுக்கே அதிகம். தான் நம்புவதைத் தன் நடையால் தெரிவித்துவிட்டு, கேட்டால் சொல்லி, கேளாவிட்டால் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பதே நல்ல ஊழியனுக்கு அழகு.

இளைஞர்கள் படும் கஷ்டங்களில், வேலைப் பளுவைவிடப் பிரிவே பெரியது என்று சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு வந்தவர், இரண்டு மாதத்துக்கு வந்தவர் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால், நேற்று உற்ற தோழியானவளுக்கு இன்று கப்பலேணியருகே விடைகொடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. கப்பலுக்குள் குளிர்சாதனமும் காப்பிக் கடையும் இருக்க, ஏணியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் தகரக் குடிசைகள் தொடங்கிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே தினமும் ஏறி இறங்குகிறவன் மனம் நிம்மதியாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

கப்பல் ஒருநாள் போய்விடும் என்பதே இந்த ஊழியத்தின் மீது சொல்லப்படும் பெரிய ஆட்சேபம்; அதில் நியாயம் உண்டு. 2014-இல் எபோலா நோய் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவியபோது, தொற்றுநோய்க்கு ஏற்ற அமைப்பில்லாத ஆப்பிரிக்கா மெர்சி மடகாஸ்கருக்குத் திருப்பிவிடப்பட்டது. 2020-இல் கொரோனா வந்தபோது டாக்கர் துறைமுகத்தை விட்டுப் புறப்பட நேர்ந்தது. ஆகவேதான் உள்நாட்டு வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கும் பயிற்சியளிப்பதில் இந்த ஸ்தாபனம் இப்போது மிகுந்த சிரத்தை காட்டுகிறது. ஆபரேஷன்களின் தொகையை எண்ணிப் பெருமைப்படுவதைக் காட்டிலும் இந்தப் பயிற்சியை நான் மேலாக மதிக்கிறேன். வந்துபோகும் கப்பல் எவ்வளவு பெரிதாயினும், இருந்துவிடும் ஒரு வைத்தியனுக்கு ஈடாகாது.

பிள்ளை ஒரு வருஷத்தை இப்படிக் கழிப்பதால் என்ன ஆகப்போகிறது என்று பெற்றோர் கேட்பது எந்தத் தேசத்திலும் உள்ளதே. பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிப் பழைய உத்தியோகத்தையோ படிப்பையோ தொடருகிறார்கள். வருஷா வருஷம் லீவு எடுத்துக்கொண்டு வருகிற தாதியரும் உண்டு. முகச் சிகிச்சையில் வல்லவரான அமெரிக்க வைத்தியர் காரி பார்க்கர், 1980-களில் சில மாதங்களுக்கென்று அனஸ்டாசிஸில் ஏறியவர், முப்பது வருஷங்களுக்கு மேலாக அந்த ஊழியத்திலேயே தங்கி, தம் பிள்ளைகளையும் கப்பலிலேயே வளர்த்தார். இவர்களைக் காட்டிலும் எனக்கு விசேஷமாகத் தோன்றுகிறவர்கள் வேறு சிலர். நாட்கூலிக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த ஆப்பிரிக்க இளைஞர்களில் சிலர், வார்டில் கண்டதையும் கேட்டதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு தாங்களே ஊழியராக மனுப் போட்டு, திரையிட்ட அந்தக் கட்டிலில் ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டு, அடுத்த நாட்டின் துறைமுகத்துக்குக் கப்பலோடு சென்றிருக்கிறார்கள்.